இரண்டு கம்பத்துக்கு நடுவே

சமையலறை அலமாரியின் மேல்தட்டில், மளிகைப் பட்டியல் எழுதுவதற்காக ஒரு பரீட்சை அட்டை வைத்திருக்கிறேன். ஓரமெல்லாம் பிய்ந்து, கிளிப் துருப்பிடித்துவிட்டது. அதன் பின்பக்கத்தில் பென்சிலால் போட்ட நெட்டுக்கோடுகள் வரிசையாக இருக்கும். வீட்டுக்கு வருகிறவர்கள் குழந்தை கிறுக்கியது என்று நினைத்துக்கொள்வார்கள். நானும் திருத்துவதில்லை. உண்மையில் ஒவ்வொரு கோடும் ஒரு கரண்ட் கம்பம். அரியலூரில் எங்கள் தெருவில் ஓர் ஆட்டோ ஒரு கம்பத்திலிருந்து அடுத்த கம்பத்துக்குப் போவதற்குள் எவ்வளவு பேசி முடிக்கலாம் என்று அளந்து பார்த்தவர் போட்ட கோடுகள். ஊரில் அவரை மைக் அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள்.

அப்போது நான் ஓர் அச்சகத்தில் கம்ப்யூட்டரில் நோட்டீஸ் அடித்துக்கொண்டிருந்தேன். கடை திறப்பு, ஆடித் தள்ளுபடி, கண் சிகிச்சை முகாம் என்று எது வந்தாலும் வாசகத்தையும் நானே எழுதிவிடுவேன். படித்த பெண், பிழையில்லாமல் எழுதுவாள் என்று முதலாளிக்கு நம்பிக்கை. எனக்குத்தான் இருந்ததில்லை. அச்சுக்குப் போன தாளைத் திரும்ப வாங்கி இன்னொரு முறை படித்தால்தான் மனம் ஆறும். மகளுக்கு ஒரு வயது முடிகிற நேரம். என் கணவர் சிமெண்ட் ஆலையில் ஷிப்டு வேலை பார்த்தார். வீட்டில் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லாததால் குழந்தையையும் கூடவே கொண்டுபோவேன். பேப்பர் கட்டு அடுக்கிய அலமாரிக்கும் ஜன்னல் கம்பிக்கும் நடுவே தூளி கட்டியிருந்தேன். மை வாடை குழந்தைக்கு ஆகுமா, அச்சு இயந்திரத்தின் சத்தம் காதைக் கெடுக்குமா என்று ஒரு நாளில் பத்துமுறை எழுந்துபோய்ப் பார்ப்பேன்.

மைக் அண்ணனிடம் பழைய ஆட்டோ ஒன்றும், அதன் தலையில் இரண்டு புனல் ஸ்பீக்கரும், பேட்டரிப் பெட்டியும் இருந்தன. அவர் மச்சான் ஓட்ட, இவர் பின்சீட்டில் கால்மேல் கால் போட்டுப் பேசிக்கொண்டே போவார். என்னைவிட நாலைந்து வயதுதான் மூத்தவர். சாதாரணமாகப் பேசினாலும் தெருமுனை வரை கேட்கும். முதல்நாள் அவர் அச்சகத்துக்குள் நுழைந்து "வணக்கங்க" என்று சொன்னதும், தூளியில் தூங்கிய குழந்தை வீரிட்டு அழுதது. மறுநாளே அதன் காதில் வைக்கப் பஞ்சு கொண்டுபோனேன். பதினைந்து நாளில் கதை மாறிவிட்டது. எவ்வளவு தாலாட்டினாலும் அடங்காத பிள்ளை, அவர் "அலோ, மைக் டெஸ்ட், ஒன்று, ரெண்டு" என்றால் விரலைச் சூப்பிக்கொண்டு கேட்க ஆரம்பித்தது.

எங்கள் இருவருக்கும் ஓயாத சண்டை. நான் எழுதித் தருவதை அவர் உரக்கப் படித்துப் பார்த்துவிட்டு, "தங்கச்சி, மூச்சு வுட எடமே வைக்கலியே. இதப் படிச்சு முடிக்கறதுக்குள்ள ஆட்டோ ஜெயங்கொண்டம் போயிடும்" என்பார். "ஒழுங்காப் படிக்கத் தெரியாதவங்க, எழுதினவங்களைக் குறை சொல்லாதீங்க" என்பேன். அப்புறம், ரொம்பப் பேசிவிட்டோமோ என்று சாயங்காலம்வரை உறுத்தும். அவரோ அதை அடுத்த நிமிஷமே மறந்திருப்பார்.

அந்த ஐப்பசியில், தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும்போது, ஆண்டிமடத்திலிருந்து ஓர் அக்கா வந்தார். மகளிர் குழுவின் தலைவி. மஞ்சப்பையிலிருந்து ஒரு கை முந்திரிப் பருப்பை எடுத்து என் மேசையில் கொட்டினார். பாதி, கால், அரைக்கால் என்று எல்லாமே துண்டு. அதுவரை அவரும் குழுவிலிருந்த பெண்களும் ஒரு வியாபாரியின் கிடங்கில் கூலிக்குத் தோலுரித்தவர்கள். அந்த வருடம்தான் துணிந்து வெளியே வந்து, சொந்தமாகக் கொட்டை வாங்கி உடைத்திருக்கிறார்கள். காயவைத்த பதம் தவறி, பருப்பில் முக்கால்வாசி துண்டாகிவிட்டது.

"பழைய மொதலாளிகிட்டயே கொண்டுபோனோம்மா. மாட்டுத் தீவனத்தோட சேத்து எடுத்துக்கறேன், நாளையிலேருந்து எல்லாரும் பழையபடி வேலைக்கு வந்துடுங்கன்னு சிரிக்கிறாரு" என்றார். "தீவாளிக்குள்ள வித்தா மறுபடி கொட்ட வாங்குவோம். இல்லாட்டி அந்த ஆளு சிரிச்ச வாசப்படியிலயேதான் போயி நிக்கணும்." பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு சின்ன இடம் பிடித்திருந்தார்கள். ஒரு நோட்டீசும், மைக் அண்ணனின் ஆட்டோவும் வேண்டும் என்று கேட்டார்.

ராத்திரியும் பகலும் அதே யோசனையாக ஒரு வாசகம் எழுதினேன். "தரமும் சுவையும் ஊட்டச்சத்தும் நிறைந்த, தேர்ந்தெடுக்கப்பட்ட, ஆண்டிமடம் மகளிரின் கைவண்ணத்தில் உருவான முந்திரிப் பருப்பு" என்று போகும் அது. எனக்கே அதில் கொஞ்சம் பெருமை. மைக் அண்ணன் படித்துப் பார்த்துவிட்டுத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "நீ வூட்டுக்குப் போயி அடுப்படியில நில்லு தங்கச்சி. நான் உன் தெருவுல வரேன். காதுல வுளுந்தத மட்டும் சொல்லு" என்றார்.

குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அடுப்படியில் நின்றேன். குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம், பக்கத்து வீட்டுக் குக்கர், சிமெண்ட் லாரியின் ஹாரன். நடுவில் எங்கிருந்தோ "தரமும்" என்று கேட்டது. வாசலுக்கு ஓடுவதற்குள் ஆட்டோ மூன்று வீடு தாண்டிவிட்டது. மைக் அண்ணன் இறங்கி வந்தார்.

"என்னா கேட்டுச்சு?"

"தரமும்னு கேட்டுச்சு."

"எதுக்குத் தரம்? இந்த ஊர்ல தரம்னா சிமெண்டுன்னுதான நெனப்பாங்க!"

அன்றுதான் அவர், நான் வாசகம் எழுதும் பரீட்சை அட்டையைப் பிடுங்கி, பின்பக்கத்தில் கோடு போட்டார். ஒரு வீட்டுக்குள் இருக்கிறவளுக்கு இந்தக் கம்பத்திலிருந்து அந்தக் கம்பம்வரைதான் நம் குரல் தெளிவாகக் கேட்கும். அந்த நடு இடத்தில் விஷயம் முழுதாக இருக்க வேண்டும். முன்னே சொன்னது அவளுக்குத் தெரியாது, பின்னே சொல்லப்போவதும் தெரியாது. நான் நோட்டீசை ஒரு தாளாகத்தான் நினைத்திருந்தேன். அது தெருவில் நடந்துபோகிற பொருள் என்று அவர் சொல்லித்தான் உறைத்தது.

ஆனால் அவரும் ஒன்றில் தப்புப் பண்ணினார். என் வாசகத்தை வெட்டி, "முந்திரி, முந்திரி, ஆண்டிமடம் முந்திரி, பஸ் ஸ்டாண்டு பக்கம், பாதி வெல" என்று ஆக்கிவிட்டார். "துண்டுன்னு சொல்ல வேண்டாமா அண்ணே?" என்று கேட்டேன். "கடைக்கு வந்தப்பறம் பாத்துக்கட்டும்" என்றார். எனக்குச் சரியாகப் படவில்லை. ஆனாலும் மைக் பிடிக்கிறவருக்குத் தெரியாததா என்று வாயை மூடிக்கொண்டேன்.

மறுநாள் கூட்டம் வந்தது. பொட்டலத்தைப் பிரித்ததும் சத்தமும் வந்தது. "ஒடசலக் கொண்டாந்து முந்திரின்னு விக்கிறீங்களா?" என்று ஒருவர் பொட்டலத்தைத் திரும்பக் கொட்டினார். இன்னொரு அம்மா, "தோள் கொடுக்கலாம்னு வந்தா தலையில மொளகா அரைக்கிறாளுவ" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டுப் போனார். மத்தியானத்துக்குமேல் யாரும் வரவில்லை. தலைவி அக்கா மூட்டை மேல் கைவைத்தபடி சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவரோ, "பிள்ளைக்கு வெயிலு படுதும்மா, உள்ள தூக்கிட்டுப் போ" என்றார்.

அடுத்தநாள் மகளின் முதல் பிறந்தநாள். காலையில் சேமியா பாயசம் வைக்க ஆரம்பித்தேன். நெய் காய்ந்துகொண்டிருந்தது. விசேஷம் என்று கடையில் பார்த்துப் பார்த்து வாங்கிய முழு முந்திரியை, ஒவ்வொன்றாக இரண்டாகப் பிளந்து நெய்யில் போட்டுக்கொண்டிருந்தேன். ஏழாவதோ எட்டாவதோ பருப்பில் கை நின்றுவிட்டது. அம்மா வீட்டிலும் இப்படித்தான். யார் வீட்டிலும் இப்படித்தான். முழு முந்திரியை அப்படியே யாரும் பாயசத்தில் போடுவதில்லை. நேற்று பொட்டலத்தைக் கொட்டிவிட்டுப் போனவர்களும் இந்நேரம் வீட்டில் இதைத்தான் செய்துகொண்டிருப்பார்கள்.

ஷிப்டு முடித்து வந்த கணவரிடம் குழந்தையைக் கொடுத்து, "அடுப்பைப் பாத்துக்கங்க" என்றேன். "பொறந்த நாளும் அதுவுமா எங்க ஓடறே? எனக்குப் பாயசம் வைக்கத் தெரியாதே!" என்று அவர் கத்தியது கேட்டது. நெய்க் கையோடு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். அடுப்பில் இருப்பதை விட்டுவிட்டு நான் வீட்டைத் தாண்டியது அதுதான் முதல்முறை.

அங்கேயே, மைக் அண்ணனின் ஆட்டோவில் கிடந்த என் அட்டையை வைத்து எழுதினேன். "உடைஞ்ச முந்திரிங்க. எப்படியும் உடைக்கத்தானே போறீங்க? நாங்களே உடைச்சுத் தர்றோம்." மைக் அண்ணன் படித்துவிட்டு அட்டையைத் திருப்பிக் கொடுத்தார்.

"மைக்லயே ஒடஞ்சதுன்னு சொல்றதா? பொண்ணு பாக்க வந்தவங்ககிட்ட வாசல்லயே குறையச் சொல்லுவாங்களா தங்கச்சி?"

"கல்யாணத்துக்கு அப்பறம் தெரிஞ்சா?"

"அது மாப்ள தலையெழுத்து."

தலைவி அக்கா குறுக்கே வந்தார். "நேத்து மறைச்சோம், திட்டு வாங்கினோம். இன்னிக்குச் சொல்லிட்டே திட்டு வாங்குவோம். சொல்லுங்க தம்பி."

ஆட்டோ கிளம்புகிற நேரத்தில் எனக்கு வழக்கமான சந்தேகம் வந்துவிட்டது. நாங்களே உடைத்துத் தருகிறோம் என்பது பொய்யல்லவா? வேண்டுமென்றா உடைத்தார்கள்? "அண்ணே, நில்லுங்க!" என்று பின்னாலேயே ஓடினேன். மச்சான் தலையில் அடித்துக்கொண்டார். கடைசி வரியை அடித்துவிட்டு, முன்னால் மாற்றி எழுதிக் கொடுத்தேன். மைக் அண்ணன் இரண்டு கோட்டுக்கு நடுவே அதை முணுமுணுத்துப் பார்த்தார். பிறகு சிரித்தார். அடுத்த நிமிஷம் தெரு முழுக்கக் கேட்டது:

"ஆண்டிமடம் முந்திரிங்க! எங்க கையில ஒடஞ்சுபோச்சுங்க! பாயசத்துக்கு எப்படியும் ஒடைக்கத்தானே போறீங்க? பஸ் ஸ்டாண்டு பக்கம் வாங்க!"

சரியாக ஒரு கம்பத்திலிருந்து அடுத்த கம்பம். முதலில் எதிர்வீட்டு மாடியிலிருந்து ஒரு சிரிப்பு வந்தது. பத்து மணிக்கு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். "கை பத்திரமா இருக்கா அக்கா?" என்று கேலி செய்தபடியே பொட்டலம் வாங்கினார்கள். "கை இருக்கு, பருப்புதான் போச்சு" என்று தலைவி அக்காவும் பதிலுக்குச் சிரித்தார். மறுநாள் மாலைக்குள் காலிச் சாக்குகளை மடித்து வைத்தாயிற்று. பிறந்தநாளன்று வீட்டில் என் கணவர் வைத்த பாயசம் அடிப்பிடித்திருந்தது. குழந்தை அதையும் சப்புக்கொட்டிச் சாப்பிட்டது. அதன் முதல் பிறந்தநாளில் நான் பக்கத்தில் இல்லாமல்போன அந்த இரண்டு மணி நேரம் மட்டும் இன்றைக்கும் என்னை உறுத்துகிறது.

குழு கலையவில்லை. அடுத்த வருடம் பதம் கற்றுக்கொண்டு, அழகான முழு முந்திரியாகக் கொண்டுவந்தார்கள். வந்தவர்களோ, "அந்த ஒடஞ்சது இல்லையா?" என்று கேட்டார்கள். தலைவி அக்கா என்னைப் பார்த்து முறைத்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

அதற்குப் பிறகு மைக் அண்ணனும் நானும் எத்தனையோ எழுதினோம். முதலில் பொருளைப் பற்றி யோசிக்காமல், அதை வாங்கப்போகிறவளின் கை வீட்டில் என்ன செய்துகொண்டிருக்கிறது என்று யோசிப்பேன். பிறகு பொருளின் குறையை எழுதுவேன். பிறகு அவர் கம்பத்துக்குக் கம்பம் வெட்டுவார். கடைசியில் நான் சந்தேகப்பட்டு ஆட்டோவுக்குப் பின்னால் ஓடுவேன். மச்சான் அதற்கென்றே மெதுவாகக் கிளம்பப் பழகிக்கொண்டார். இப்போது அண்ணன் ஜெயங்கொண்டத்தில் பந்தல், மைக்செட் கடை வைத்திருக்கிறார். இங்கே சுற்றுகிற ஆட்டோக்களில் சி.டி. ஓடுகிறது. நல்ல குரல்தான். எந்தக் கம்பத்தில் என்ன சொல்கிறோம் என்பது மட்டும் அதற்குத் தெரியாது.

மகளுக்கு ஒன்பது வயது ஆகிறது. ஆறு மாதமாகச் சைக்கிள் கேட்கிறாள். லாரி, நாய், மழை, பள்ளம் என்று நானும் ஆறு மாதமாகக் காரணம் சொல்லிவந்தேன். போன ஞாயிற்றுக்கிழமை நான் அந்த அட்டையில் மளிகைப் பட்டியல் எழுதிக்கொண்டிருந்தேன். அவள் வந்து நின்று, நான் பேனாவைத் தூக்கும்வரை காத்திருந்தாள். பிறகு ஒரே மூச்சில், "எப்படியும் ஒருநாள் சைக்கிள் ஓட்டத்தானேம்மா போறேன்? நீ பாத்துக்கிட்டு இருக்கறப்பயே பழகிக்கிறேனே" என்று சொல்லிவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போய்விட்டாள்.

பட்டியல் அப்படியே நின்றது. அட்டையைத் திருப்பிக் கோடுகளைப் பார்த்தேன். அவள் சொன்னது சரியாக ஒரு கம்பம்தான்.

நேற்றுச் சாயங்காலம் சைக்கிள் வந்தது. வாசலில் நின்று, "இந்தக் கம்பத்துலேருந்து அந்தக் கம்பம் வரைக்கும்தான், அதுக்கு மேல போகக் கூடாது" என்றேன். தலையாட்டிவிட்டுக் கிளம்பினாள். ஹேண்டில்பார் ஆடியது, நேரானது. அவள் அந்தக் கம்பத்தைத் தொட்டுத் திரும்பிப் பார்த்துச் சிரிக்கும்வரை நான் மூச்சு விடவில்லை.