கறிக்கடையில் வைத்த ஃபிலிம்

அட்ராக்டா கெராட்டி மாவட்ட ஆஸ்பத்திரியின் எக்ஸ்ரே அறையில் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்தவர். எங்கள் ஊரில் யாருடைய விலா எலும்பு எந்தக் குடிவெறியில் முறிந்தது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. ஆனால் வாயைத் திறக்க மாட்டார். வம்பு பேசுகிறவர்களோடு பழகிவிட்ட ஊருக்கு, பேசாத ஒருவரை நம்புவது கஷ்டம்.

1986-இல் ஓய்வு பெற்றதும், சைக்கிளின் பின்னால் கேமரா முக்காலியைக் கட்டிக்கொண்டு இடிந்த மாளிகைகளைப் படம் பிடிக்கக் கிளம்பினார். எங்கள் பக்கம் அவற்றுக்குப் பஞ்சமில்லை. அயர்லாந்தின் உள்நாட்டுச் சண்டையில், 1923-இல், இங்கிலீஷ்காரப் பிரபுக்களின் வீடுகளுக்குத் தீ வைத்தவர்களின் பேரப்பிள்ளைகள்தானே நாங்கள். கில்பிராக் மாளிகையும் அப்படி எரிந்ததுதான். கூரை போய்விட்டது, நான்கு சுவரும் அவற்றைக் கட்டிப்பிடித்த ஐவிக்கொடியும்தான் மிச்சம்.

சாதாரணப் படமாக இருந்தால் யாரும் கண்டுகொண்டிருக்க மாட்டோம். அவர் பயன்படுத்தியது அகச்சிவப்பு ஃபிலிம். கண்ணுக்குத் தெரியாத வெளிச்சத்தை இது பிடிக்கும் என்று அவரே ஒருநாள் தபால் ஆபீசில் சொல்லித் தொலைத்தார். எக்ஸ்ரேக்காரி வேறு, ஊருக்கு இது போதாதா? சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பதைக்கூட அவரால் பார்க்க முடியும் என்று முடிவு கட்டிவிட்டோம்.

எனக்கு இது ஆபத்தாகப் பட்டது. நான் மலாக்கி டார்மி, கறிக்கடைக்காரன். கறி வெட்டிப் போடும் என் வெள்ளைப் பளிங்குப் பலகை கில்பிராக் மாளிகையின் கூடத்திலிருந்து வந்தது. எரிந்த மறுநாள் காலையில் என் தாத்தா கழுதை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். நாங்கள் மட்டுமா? எந்த வீட்டுக்குள் போனாலும் ஒரு நாற்காலியோ கண்ணாடியோ இருக்கும், அது எப்படி வந்தது என்று யாரும் கேட்க மாட்டார்கள். அந்த வசந்தத்தில்தான் இங்கிலாந்துப் பேச்சு பேசிக்கொண்டு ஒருவர் வந்து, கையில் ஒரு காகிதத்தோடு மதுக்கடையில் கில்பிராக் சாமான்களைப் பற்றி விசாரித்துவிட்டுப் போனார். அடுத்த மாதமே அட்ராக்டா கில்பிராக்கில் முக்காலி போட்டார். நீங்களாக இருந்தால் என்ன நினைத்திருப்பீர்கள்?

அப்படியிருக்க, ஒருநாள் அவரே என் கடைக்குள் வந்தார். கையில் நான்கு தகர டப்பா, மூடியைச் சுற்றிக் கறுப்பு ஒட்டுநாடா.

"மலாக்கி, இதை உன் குளிர் அறையில ஒரு மூலையில வெச்சுக்கறியா? என் ஃப்ரிட்ஜ் பாதி நாள் ஓடறதில்ல. சூடு பட்டா கெட்டுப்போயிடும், உன் கறி மாதிரித்தான்."

"வைங்க, மிஸ் கெராட்டி. கறியோட கறியா இருக்கட்டும்."

உள்ளே என்ன என்று நான் கேட்கவில்லை. கேட்டால் உஷாராகிவிடுவார் என்று கணக்குப் போட்டேன்.

ஒரு வாரம் கழித்து, கில்பிராக் நிலத்தின் சொந்தக்காரன் பேட்ஸி டோலன் வீட்டுக்குக் கறி கொண்டுபோனேன். பக்கத்திலேயே, மாளிகைச் சுவருக்கு எதிரே, அட்ராக்டா முக்காலியோடு நின்றிருந்தார். லென்ஸைத் திருப்பிக் கூர்மை பார்த்தார், பிறகு அதில் இருந்த ஒரு சிவப்புப் புள்ளிக்கு நேராக இன்னும் கொஞ்சம் நகர்த்தினார், கடைசியாக அதன்மேல் ரத்தக் கறுப்பில் ஒரு கண்ணாடியை மாட்டினார். அதற்குப் பிறகு கேமராவில் கண் வைத்தால் எதுவுமே தெரியாதாம். மேகம் விலகக் காத்திருந்தார்.

"ஒரு மணி நேரமா நிக்கறாப்பா, வெயில் வரணுமாம். இந்த ஊர்ல!" என்றான் டோலன், வேலிக் கதவில் சாய்ந்துகொண்டு.

"உன் நிலம்தானே, என்னன்னு கேளேன்."

"கேட்டாச்சு. 'கல்லுக்குமா எலும்பு முறிஞ்சிருக்கு'ன்னுகூடக் கேட்டேன். மேல இருக்கற அந்தச் சின்ன ஜன்னல்தான் வேணுமாம். எனக்குத் தெரியாதா? இவ கவர்ன்மென்ட் ஆளு. பழைய கட்டடம்னு லிஸ்ட்ல ஏத்திட்டா, அப்புறம் என் நிலத்துல நான் ஒரு கொட்டகை போட முடியாது."

"ஏத்த வரும்போது சுவரே இல்லைன்னா என்ன பண்ணுவாங்க?"

வேடிக்கைக்குத்தான் சொன்னேன். டோலன் சிரிக்கவில்லை.

அன்று சாயங்காலம் அட்ராக்டா ஒரு டப்பாவைத் தனியாகக் கொண்டுவந்து கொடுத்தார். "இது முக்கியமானது. கழுவற மருந்து டப்ளின்லேர்ந்து திங்கக்கிழமை வருது, அப்ப வாங்கிக்கறேன்" என்றார். முக்கியமானது என்ற வார்த்தை என் மண்டைக்குள் குடைய ஆரம்பித்தது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. எங்கள் கத்தோலிக்க ஊரில் பாதிப்பேர் இன்னமும் அன்று கறி தொடுவதில்லை. கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன். சும்மா இருக்கிற கை கெட்டது செய்யத்தானே போகும். டப்பாவை எடுத்து, ஒட்டுநாடாவைப் பிரித்து, உள்ளே இருந்த சுருளின் நாக்கைப் பிடித்து டியூப்லைட்டுக்கு நேராக இழுத்தேன். தொத்திறைச்சி மாதிரி நீளமாக வந்துகொண்டே இருந்தது. ஒரு படமும் தெரியவில்லை. ஏமாற்றத்தோடு சுற்றி உள்ளே வைத்து, நாடாவை முன்பு இருந்த மாதிரியே ஒட்டினேன். பொட்டலம் கட்டுவதில் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

சனிக்கிழமை டோலன் புல்டோசர் கொண்டுவந்து கில்பிராக் சுவர்களை இடித்துத் தள்ளினான். திங்கட்கிழமை டப்பாவை வாங்க வந்த அட்ராக்டாவின் முகம் வெளுத்திருந்தது. "சுவர் போனா போகுது. படம் இருக்கு" என்றார். எனக்குச் சொன்ன மாதிரி இல்லை, அவருக்கே சொல்லிக்கொண்ட மாதிரி இருந்தது.

புதன்கிழமை மறுபடியும் வந்தார். கடையில் வேறு யாரும் இல்லை. கழுவிய ஃபிலிம் துண்டை என் முன்னால் வைத்தார். முழுக்கக் கறுப்பு.

"என் கைதான், மலாக்கி. இதுக்கு ஒரு பொட்டு வெளிச்சம்கூட ஆகாது. டப்பாவைத் திறக்கறதே இருட்டுப் பைக்குள்ள கையை விட்டுத்தான். எங்கயோ விட்டுட்டேன். ஆஸ்பத்திரியில ஒரு ஃபிலிம் கெடுத்ததில்ல நான். கை போச்சு. கேமராவை வித்துடலாம்னு இருக்கேன்."

"வேற வீடு எதையாவது எடுக்கலாமே" என்றேன்.

"வேற வீட்டுல எங்கம்மா இல்லையே. அந்த மேல் ஜன்னல் அம்மாவோட ரூம். பதினாறு வயசுல வேலைக்காரியாப் போய், தீ வெக்கற வரைக்கும் அங்கதான் படுத்திருந்தா. குளிர்காலத்துல ஜன்னல் இடுக்கு வழியா வந்து தலைமாட்டுல பனி கிடக்கும்னு சொல்லுவா. இந்த ஃபிலிம்ல எடுத்தா இலை எல்லாம் பனி மாதிரி வெள்ளையா வரும், வானம் கறுத்துடும். அந்த ஜன்னலை அப்படிப் பாக்கணும்னு இருந்தேன். அம்மாவை எடுத்த போட்டோன்னு எங்கிட்ட ஒண்ணுகூட இல்ல."

வாயை மூடிக்கொண்டிருந்தால் தப்பித்திருப்பேன். தன் கையின் மேலேயே அவர் பழி போட்டுக்கொண்டு, கேமராவை விற்றுவிட்டு வீட்டில் உட்காரட்டும் என்று விட்டிருக்கலாம். நான் பெரிய யோக்கியன் இல்லை, ஆனால் அதை விழுங்க என்னால் முடியவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். டியூப்லைட், ஒட்டுநாடா, டோலனிடம் சொன்ன வேடிக்கை, பளிங்குப் பலகைக்காகப் பயந்தது எல்லாம்.

"இந்தக் கல்லுக்காகவா?" என்றார். "இது எங்கேருந்து வந்துச்சுன்னு ஊருக்கே தெரியுமே."

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஊர்ல ஒருத்தர் பாக்கி இல்லாம என்னை நிறுத்திக் கேட்டாங்க. டப்பாவுல என்ன, யாருக்காக எடுக்கறேன்னு. நீ ஒருத்தன்தான் கேக்கல. அதனாலதான் உங்கிட்ட குடுத்தேன்" என்றார். "மிச்சத்தைக் குடுத்துடு."

குளிர் அறைக்குள் போய் மற்ற நான்கு டப்பாக்களையும் எடுத்து வந்தேன். அவர் ஒவ்வொன்றாக வாங்கினார். நாடா பிரிந்திருக்கிறதா என்று என் கண் முன்னாலேயே திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் பைக்குள் போட்டார்.