மெத்தை தந்த பயம்

தீபாவளிக்கு முன் உலு திராமில் உள்ள எங்கள் வீட்டுக்குப் புது மெத்தை வாங்கினோம். அதைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறையைக் கழற்றப் போனபோது என் கணவர் தடுத்தார்.

"அத எடுத்துட்டா வாரண்டி போயிடும் லா. அழுக்கானா யாரு கழுவுறது?"

உறையின் மேலேயே விரிப்பைப் போட்டுப் படுத்தேன். இடுப்புவலிக்காரரான அவர் எப்போதும் தரையில் பாயில்தான் படுப்பார்.

மழைக்காலம் முழுவதும் ஒரு தொல்லையும் இல்லை. தைப்பூசம் கழிந்து வெயில் ஏறியதும், விசிறி முழு வேகத்தில் சுற்றியும், விடியும்போது என் முதுகெல்லாம் வியர்வையில் தெப்பமாக நனைந்திருக்கும். என் அக்காவுக்குக் காசநோய் இப்படித்தான் ஆரம்பித்தது. யாரிடமும் சொல்லாமல் இரண்டு வாரம் பயந்துகொண்டே வேலைக்குப் போய் வந்தேன்.

கடைசியில் கிளினிக்கில் ரத்தமும் சளியும் சோதித்து, எக்ஸ்ரேயும் எடுத்தார்கள். முடிவு வரும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை.

"ஒன்னும் இல்லம்மா, எல்லாம் நல்லாருக்கு," என்றார் டாக்டரம்மா. "எதுல படுக்கிறீங்க?"

சொன்னேன்.

"பிளாஸ்டிக்க இன்னும் கழட்டலையா?"

அன்று மாலையே கத்தரிக்கோலை எடுத்துவிட்டேன். இப்போது மெத்தைமேல் பருத்தி விரிப்பு மட்டும்தான். தடித்த போர்வை மழை மாதங்களில்தான் அலமாரியை விட்டு வெளியே வரும். உடம்பில் ஏதாவது என்றால் உடனே வீட்டில் சொல்லிவிடுகிறேன்.

டிவி ரிமோட்டின் பிளாஸ்டிக்கை மட்டும் என் கணவர் கழற்ற விடவில்லை. அதற்கு வியர்க்காதாம்.