என் நாற்காலியில் உட்கார்ந்த கலியபெருமாள்

செய்தியைக் கொண்டு வந்தவர் எங்கள் பட்டறை வெல்டர் ஆரோக்கியம். காலை ஷிப்டு பஸ்ஸுக்காக நான் பிளாக் முனையில் நின்றிருந்தேன். சைக்கிளை அப்படியே கீழே சாய்த்துவிட்டு ஓடி வந்தார். "சார், நம்ம கலியபெருமாள் சார் போயிட்டாருங்க. நெஞ்சு வலிக்குதுன்னு கடலூர் ஆஸ்பத்திரிக்கு எடுத்துகினு போனாங்க, வழியிலயே முடிஞ்சிடுச்சாம்" என்று சொல்லி, நடுரோட்டில் நின்று குலுங்கிக் குலுங்கி அழுதார். நானும் அழுதிருக்க வேண்டும். ஆனால் எனக்கு முதலில் தோன்றியது வேறு. நான் போனால் இந்த ஆரோக்கியம் இப்படி அழுவாரா? மாட்டார். பஸ் போய்விடப் போகிறதே என்று பார்ப்பார்.

கலியபெருமாளை அறிந்த பட்டறை ஆட்கள் உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? அவர் மேல் எனக்குப் பொறாமை. 'இருந்தது' என்று எழுதிப் பார்த்தேன், மனசு ஒப்பவில்லை. இன்னும் இருக்கிறது.

நாங்கள் இருவரும் ஒரே சமயத்தில் கம்பெனியில் சேர்ந்தவர்கள். நிலக்கரிச் சுரங்கத்து ஆட்களுக்காக நகரியத்தில் குவார்ட்டர்ஸும் ரோடும் போட்டுக்கொண்டிருந்த காலம். எங்கள் கம்பெனி லாரியில் மண்ணும் ஜல்லியும் அடிக்கிற கான்டிராக்ட் எடுத்திருந்தது. நான் திருநெல்வேலிப் பக்கம், அவர் மேல்பட்டாம்பாக்கம். இருவரும் டிப்ளமோ, இருவருக்கும் ஒரே சம்பளம். எனக்கு ஆபீஸ் வேலை, அவருக்கு லாரிகளும் டிரைவர்களும். ஒருமுறை ரோடு வேலையைப் பார்வையிடப் பெரிய அதிகாரி ஒருவர் வந்தார். என்ன கேட்டாலும் பதில் சொல்ல நான் தயாராக நின்றேன். அவரோ கலியபெருமாளைப் பார்த்துக் கேட்டார். இவர் சிரித்துக்கொண்டே, "எனக்குத் தெரியாதுங்க, சாரக் கேளுங்க" என்றார். நான் மூச்சுவிடாமல் பதில் சொன்னேன். போகும்போது அதிகாரி, உண்மையைச் சொல்லும் ஆளைப் பார்ப்பதே அபூர்வம் என்று கலியபெருமாளின் தோளைத் தட்டி, டீ சாப்பிடக் கூட்டிக்கொண்டு போனார். பதில் சொன்னவன் வெயிலில் நின்றேன்.

எங்கள் முதலாளியை உங்களுக்குத் தெரியும். பண்ருட்டிக்காரர், முந்திரி வியாபாரத்திலிருந்து லாரிக்கு வந்தவர். பெரிய முடிவு எதுவானாலும் அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. முதல் நாள் எங்கள் இருவரையும் எதிரே உட்கார வைத்து அவரவர் யோசனையைச் சொல்லச் சொல்வார். மறுநாள், "ரெண்டு பேரும் எடம் மாத்தி உக்காருங்க" என்பார். கலியபெருமாள் நாற்காலியில் நான், என் நாற்காலியில் அவர். அவருடைய யோசனைக்காக நான் வாதாட வேண்டும், என்னுடையதற்காக அவர். ஏன் இப்படி என்று ஒருநாள் கேட்டேவிட்டேன். "அவனவன் புள்ளைய அவனவன் கொஞ்சறதுல என்னாய்யா இருக்கு? அடுத்தவன் புள்ளையத் தூக்கிப் பாரு, வெயிட்டு தெரியும்" என்றார். புது லாரி வாங்குவதும் குவாரி எடுப்பதும் எங்களிடம் இப்படித்தான் முடிவாயின.

எல்லாவற்றிலும் பெரிய முடிவு வந்தது குவார்ட்டர்ஸ் வேலை முடியப்போகிற சமயத்தில். மண் அடிக்கிற கான்டிராக்ட் இனிமேல் இல்லை என்று ஆகிவிட்டது. கம்பெனி என்ன செய்வது? மேற்கே ஓர் அணை வேலை தொடங்குகிறது, எல்லா லாரிகளையும் டிரைவர்களையும் கூட்டிக்கொண்டு அங்கே போய்விடலாம் என்பது கலியபெருமாளின் யோசனை. எனக்குப் போக மனமில்லை. என் மனைவிக்கு நகரியப் பள்ளியில் வேலை பெர்மனென்ட் ஆகியிருந்தது. ஆனால் காரணம் அது மட்டும் அல்ல. சுரங்கத்தில் வந்து இறங்கியிருந்த பெரிய சக்கர இயந்திரங்களை நான் ஞாயிற்றுக்கிழமைதோறும் போய்ப் பார்ப்பேன். சக்கரத்தைச் சுற்றி வாளிகள், வாளி விளிம்பில் இரும்புப் பற்கள். பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடக்கும் மணற்பாறை அந்தப் பற்களை அரைத்துத் தள்ளியது. தேய்ந்த பற்களுக்கு இரும்பு ஏற்றி மறுபடி கூராக்க ஒரு பட்டறை போட்டால் என்ன? லாரிகளை விற்றுவிட்டு இங்கேயே இருந்துவிடலாம். என் வாழ்க்கையில் நானாக யோசித்த பெரிய யோசனை அது ஒன்றுதான்.

முதல் நாள் என் பட்டறையைப் பற்றி நான் சொன்னபோது முதலாளி நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் இடம் மாறி உட்கார்ந்தோம். கலியபெருமாள் என் நாற்காலியில் சாய்ந்துகொண்டு பேசினார். "மொதலாளி, லாரி எங்க வேணாலும் ஓடும். அதனாலதான் எவன் வேணாலும் ரெண்டு லாரிய வெச்சிகினு நம்ம பின்னாலயே வந்துடுவான். இங்க அந்த மிஷினு பல்லு தேஞ்சிகினேதான் இருக்கும். பாறை அப்படிங்க. லாபம் எங்க இருக்குதுன்னு கேக்காதீங்க. நாளைக்குக் காலையில நம்மளத் தேடிகினு யாரு வருவாங்கன்னு கேளுங்க." முதலாளி நிமிர்ந்து உட்கார்ந்தார். எனக்கே என் யோசனை அப்போதுதான் புரிந்தது. எத்தனை அழகான பிள்ளை என்று ஆசையாக இருந்தது. அடுத்தவர் மடியில் உட்கார்ந்து அப்படிச் சிரிக்கிறதே என்று வயிறும் எரிந்தது.

பிறகு நான் லாரிக்காகப் பேசினேன். நேர்மையாகத்தான் பேசினேன், ஆனால் உப்புச்சப்பில்லாமல் பேசினேன். முதலாளி கொட்டாவி விட்டார். "பட்டறையே போடுவோம். கலியபெருமாள், நீங்களே பாத்துக்குங்க. அதப்பத்தி உங்க அளவுக்குத் தெரிஞ்ச ஆளு வேற யாரு இருக்காங்க?" என்று எழுந்துவிட்டார். என் யோசனை ஜெயித்தது, பட்டறை மேனேஜர் பதவி அவருக்குப் போனது. எனக்கு அதே ஆபீஸ், அதே மேஜை.

லாரிகள் விலைக்குப் போயின. டிரைவர்களில் சிலர் பட்டறையில் ஹெல்பர்களாகச் சேர்ந்தார்கள், மற்றவர்கள் ஆளுக்கொரு பக்கம் போனார்கள். மூத்த டிரைவர் பொன்னுசாமியை மட்டும் எந்த லாரிக்காரரும் எடுத்துக்கொள்ளவில்லை, வயதாகிவிட்டதாம். சுரங்கத்தில் கான்டிராக்ட் கூலியாக மண்வெட்டி பிடித்தார். பட்டறையோ ஓஹோ என்று நடந்தது. இன்று உங்களில் எத்தனை பேர் வீட்டில் அடுப்பு எரிவது அதனால்தான் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

கலியபெருமாள் என்னை ஏமாற்றவில்லை. ஏமாற்றியிருந்தால் நிம்மதியாகத் திட்டியிருப்பேன். ஆயுத பூஜைதோறும் என் கையைப் பிடித்து முன்னால் இழுத்து, "இந்தப் பட்டறையே சாரோட யோசனைங்க, நானு பேசினதோட சரி" என்பார். எல்லோரும் கைதட்டுவீர்கள். நினைவிருக்கிறதா? எனக்காகத் தட்டவில்லை நீங்கள். எவ்வளவு பெரிய மனசு, எப்படி விட்டுக்கொடுக்கிறார் பாருங்கள் என்று அவருக்காகத் தட்டினீர்கள். உண்மையைச் சொன்னாலும் அதில் அவருக்கே பெயர் வந்தது.

ஒரு சாயங்காலம் நானும் கலியபெருமாளும் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். மண் அப்பிய காலோடு பொன்னுசாமி வந்தார். கலியபெருமாளைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, சொன்ன டீயை வாங்காமலே போய்விட்டார். லாரிகளை விற்க வைத்தது கலியபெருமாள்தான் என்று டிரைவர்கள் அத்தனை பேரும் நம்பினார்கள். சாருடைய யோசனை என்று அவர் சொல்லிக்கொண்டிருந்ததை, பழியை நழுவவிடும் தந்திரம் என்று எடுத்துக்கொண்டார்கள். கலியபெருமாள் டம்ளரைக் கீழே வைத்தார். "ஒரு முடிவு எடுக்கறதுகூட லேசுங்க சார். வேணாம்னு உட்டுட்டம் பாருங்க, அத மறக்கறதுதான் கஷ்டம்" என்றார். பிறகு, "அன்னைக்கு லாரிக்காகப் பேசினீங்களே, இன்னொரு வாட்டி சொல்லுங்க" என்றார். சொன்னேன். "அப்படி இல்லீங்க, இப்படிச் சொல்லியிருக்கணும்" என்று திருத்தினார். அதற்குப் பிறகு எப்போது டீ குடிக்கப் போனாலும் இதே கதைதான். ஒருநாள் அவராகவே, "உங்க பட்டறைய நானே ஜெயிக்க வெச்சிட்டு, வூட்டுக்குப் போயி ராவெல்லாம் வயிறு எரிஞ்சிகினு கெடந்தேங்க" என்று சொல்லிச் சிரித்தார். பொறாமையைக்கூட இந்த மனிதரால் வாய்விட்டுச் சொல்லிச் சிரிக்க முடிகிறதே என்று அதற்கும் எனக்குப் பொறாமை வந்தது.

இரங்கல் கூட்டம் பட்டறை வாசலில் நடந்தது. முதலாளி பேசினார். "பட்டறை வைக்கலாம்னு என் எதிர்ல உக்காந்து சொன்னவரு கலியபெருமாள். இனிமே இந்தப் பட்டறை பெயர்ப்பலகையில அவரு பேருதான்" என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை, அப்படி உட்கார்ந்து சொன்னவர் கலியபெருமாள்தான். ஆனால் பெயர்ப்பலகை என்ற சொல் காதில் விழுந்ததும் எனக்குத் தாங்கவில்லை. என்னைப் பேச அழைத்தபோது எழுந்தேன். கேட்டுக்கு வெளியே பொன்னுசாமி நின்றிருந்தார். உள்ளே வரவும் இல்லை, போகவும் இல்லை.

"பட்டறை கலியபெருமாள் யோசனை இல்லை, என்னுடையது" என்று தொடங்கினேன். கூட்டத்தில் சலசலப்பு. செத்த வீட்டில் பங்கு கேட்கிறானே என்று நீங்கள் நினைத்தது என் காதில் விழுந்தது. "அவர் கேட்டது லாரி" என்று சொல்லி, அவர் டீக்கடையில் திருத்தித் திருத்திக் கொடுத்தபடியே முழுவதையும் சொன்னேன். ஓர் அணை முடிந்தால் இன்னோர் அணை வரும். பட்டறை ஒரே ஒரு வாசலை நம்பி நிற்பது, அந்த வாசல் மூடினால் நமக்கு வேறு வாசல் இல்லை. லாரி போகும் இடமெல்லாம் டிரைவர் டிரைவராகவே இருப்பான், இங்கே அவன் ஹெல்பர் ஆகிவிடுவான். லாரிகளை விற்றுவிட்டு இந்த டிரைவர்களை எங்கே விடுவது என்று கலியபெருமாள் கேட்டதையும் சொன்னேன். பேச்சு எனக்குக் கைகூடி வந்த நாள் அது ஒன்றுதான். முதலாளி கண்ணாடியைக் கழற்றினார். "அன்னைக்கே இப்படிப் பேசியிருந்தா நான் லாரிய அனுப்பியிருப்பேனேய்யா" என்றார்.

கூட்டம் கலைந்தபோது பொன்னுசாமி உள்ளே வந்து என் எதிரே நின்றார்.

"அப்போ லாரிங்கள விக்கச் சொன்னது நீங்கதானாங்க?"

"ஆமாம், நான்தான்."

பட்டறை என் யோசனைதான் என்று நம்பியவர் இத்தனை வருடங்களில் அவர் ஒருவர்தான். டீக்கடையில் கலியபெருமாளிடம் காட்டிய அதே வெறுப்போடு என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு நேரே போய், கலியபெருமாளின் படத்தின் முன்னால் ஒரு பூவை வைத்து, இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு நின்றார்.

பெயர்ப்பலகையும் அந்தப் பூவும் அவருக்கே இருக்கட்டும். அவரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது பொன்னுசாமி பார்த்த அந்தப் பார்வை. என் யோசனையோடு சேர்ந்து எனக்கு வந்திருக்க வேண்டியது அது. இத்தனை நாளும் எனக்குப் பதிலாகக் கலியபெருமாள் அதை வாங்கிக்கொண்டிருந்தார்.