பச்சையாக மாறிய கட்டில்

கோரிப்பாளையத்தில் செருப்புக் கடை ஒன்றின் மாடியில் எங்கள் ஆபீஸ். கடைகளுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் வெப்சைட் செய்து கொடுப்போம். இரண்டாயிரத்து எட்டு வாக்கில், பக்கத்துத் தனியார் ஆஸ்பத்திரிக்காரர்கள் எந்தக் கட்டில் காலி என்று பார்க்க ஒரு பக்கம் கேட்டார்கள். வேலை என்னிடம் வந்தது.

திரையில் ஆஸ்பத்திரி ஒரு பெரிய பெட்டி. அதற்குள் மாடிகள், மாடிக்குள் அறைகள், அறைக்குள் கட்டில்கள், ஒவ்வொன்றும் ஒரு சின்னக் கட்டம். ஆள் இருந்தால் சிவப்பு, காலியென்றால் பச்சை. முதலில் செய்ததில் ஒரு கட்டில் மாறினாலும் பக்கம் முழுக்க வெளுத்துப்போய்த் திரும்ப வரும். நர்சுகள் கண் கூசுகிறது என்றார்கள். அதனால் பக்கத்தை இயக்கும் ஜாவாஸ்கிரிப்ட் நிரலை மாற்றி எழுதினேன். வார்டில் நர்சு பொத்தானை அழுத்திச் சேதி வந்தால், அந்தக் கட்டில் மட்டும் தன்னைத் திரும்ப வரைந்துகொள்ளும். பிறகு தன் அறைக்குச் சொல்லும், அறை மாடிக்குச் சொல்லும், மாடி ஆஸ்பத்திரிக்குச் சொல்லும், அங்கங்கே காலி எண்ணிக்கை மாறும். மற்றதெல்லாம் அசையாது. கட்டிலுக்கு நான் எழுதிய சேதிகள் இரண்டுதான்: ஆள் வந்தார், ஆள் போனார்.

அது ஓடத் தொடங்கிய வாரத்தில் அப்பாவை அங்கேயே சேர்க்க வேண்டி வந்தது. மேலூர்க் குவாரிகளில் கல்தூசி குடித்த நெஞ்சு. கொட்டாம்பட்டியிலிருந்து மூச்சிரைக்க வந்தார். துணைக்கு அம்மா தங்கினார், தம்பி வந்து போய்க்கொண்டிருந்தான்.

"எங்க ஆபீஸ்ல இருந்தே ஒங்க கட்டிலப் பார்க்கலாம்ப்பா."

"நான் தெரிவனா?"

"கட்டம்தான் தெரியும். நீங்க இருக்கதால செவப்பா இருக்கும்."

"நானே கருப்பு," என்றார். சிரிக்கப்போய் இருமல் வந்துவிட்டது.

மூன்றாம் நாள் மத்தியானம் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வேறு வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது மாடியில் ஒரு கட்டம் பச்சையானது. அறையில் காலி ஒன்று என்று மாறியது. அடுத்து மாடியின் எண் மாறியது, அடுத்து மேலே ஆஸ்பத்திரியின் எண். நான் எழுதிய வரிசை பிசகவில்லை.

பின்னால் நின்ற முதலாளி, "ஒரு எடத்துலயும் வெளுக்கலையே. நல்லா வந்திருச்சும்மா," என்றார்.

"அண்ணே, அது எங்கப்பா கட்டில்ணே."

வார்டுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. தம்பியின் செல் அணைந்திருந்தது. கோரிப்பாளையம் சிக்னலில் பஸ்களுக்கு நடுவே எப்படிப் போனேன் என்று இன்றுவரை தெரியாது. போகிற வழியிலேயே அப்பாவைச் செத்தவராக நினைத்துவிட்டேன். ஊருக்கு எப்படிக் கொண்டுபோவது, யாருக்கெல்லாம் சொல்லிவிடுவது என்றுகூட யோசித்தாயிற்று.

அறையில் ஆயா ஒருவர் ரெக்சின் மெத்தையை மருந்துத் தண்ணீரால் துடைத்துக்கொண்டிருந்தார். அம்மாவைக் காணோம்.

"இங்கன இருந்தவரு?"

"மூச்சு முட்டுதுன்னு ஐசியூவுக்குத் தூக்கிட்டுப் போயிட்டாகம்மா. ஒங்கம்மாவும் அங்கதான் நிக்கிறாக."

இடம் மாற்றுவதற்கு நான் சேதியே எழுதியிருக்கவில்லை. நர்சு, ஆள் போனார் என்பதைத்தான் அழுத்தியிருந்தார்.

அப்பா பிழைத்தார். ஊருக்குத் திரும்பி, அதற்குப் பிறகும் இரண்டு வருஷம் இருந்தார். ஆனால் அந்தச் சாலையில் ஒருமுறை அவரைச் சாகக்கொடுத்தது எனக்குள் அப்படியே நின்றுவிட்டது. அவர் வாசலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும்போதும் சில சமயம் போனவரைப் பார்க்கிற மாதிரியே இருக்கும்.

இடமாற்றத்துக்கு மஞ்சள் சேர்த்தேன். பச்சையைத் தொடவில்லை. வீட்டுக்குப் போனவருக்கும் செத்துப்போனவருக்கும் அதே பச்சைதான். இரண்டையும் பிரிக்கலாமா என்று நர்சு மேற்பார்வையாளரைக் கேட்டேன். "காலின்னா காலிதாம்மா. எங்களுக்கு அது போதும்," என்றார்.

அப்பாவை ஐசியூவுக்குத் தூக்கிப்போன மறுநாள், அவருடைய பிளாஸ்கை எடுக்க அந்த அறைக்குப் போனபோது, கட்டிலில் வேறொரு பெரியவர் படுத்திருந்தார். அவர் மகளுக்கு என் வயதுதான் இருக்கும்.

"இதுல இருந்தவுக நல்லாகி வீட்டுக்குப் போயிட்டாகளா?" என்று கேட்டாள்.

"ம்," என்றேன். அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது. அப்பாவின் போர்வையையும் மடித்து என் கையில் கொடுத்தாள்.

அடுத்த வாரம் ஆபீஸில் இருக்கும்போது அந்தப் பெரியவருடைய கட்டம் பச்சையானது. அறையின் எண் மாறியது, மாடியின் எண் மாறியது. வார்டுக்குப் போன் செய்து கேட்டிருக்கலாம். ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தேன். டயல் செய்யவில்லை.