கமலாம்பிகையின் இயற்பியல் பட்டம்

கமலாம்பிகை மாக் மண்டின் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலைக் குமாஸ்தா. யாழ்ப்பாணத்திலிருந்து மலாய் நாட்டுக்கு வந்த ரயில்வே ஊழியர் ஒருவரின் மூத்த மகள். பல்கலைக்கழகத்துக்கு முந்தைய வகுப்பான ஆறாம் படிவம் முடித்த வருஷமே அப்பா இறந்துபோக, தம்பி தங்கைகளுக்காக வேலையில் சேர்ந்தவள். இயற்பியல் படிக்கும் ஆசை மட்டும் மனசை விட்டுப் போகவில்லை.

எழுபத்தெட்டில், வேலையில் இருப்பவர்களும் அஞ்சல் வழியே பட்டம் படிக்கலாம் என்ற, கடலுக்கு அக்கரையிலிருந்த கெளுகோர் பல்கலைக்கழகத்தின் அறிவிப்பைப் பார்த்தாள்.

"எழுதிப் போடு, வீட்டை நான் பார்த்துக்கிறேன்" என்றார் கணவர் சிவகுருநாதன்.

அவள் பள்ளியில் படித்தது ஆங்கிலத்தில். பாடங்களோ மலாயில் வந்தன. முதல் தேர்விலேயே, முடுக்கத்தைக் குறிக்கும் 'பெச்சுத்தான்' என்ற மலாய்ச் சொல்லை வேகம் என்று எண்ணி இரண்டு பக்கம் கணக்குப் போட்டுவிட்டாள். தேறவில்லை.

டிசம்பரில் மூன்று வார நேரடி வகுப்பு. அதற்கென்று விடுப்பு எடுத்திருந்தும், படிப்பை விட்டு விலகும் படிவத்தோடுதான் பெர்ரி ஏறினாள். முன்பு ராணுவ முகாமாக இருந்த இடம் அந்தப் பல்கலைக்கழக வளாகம். அலுவலகத்தில் மாணவர் பதிவைக் கவனித்த ஹபீப் முகம்மது படிவத்தை வாங்கவில்லை.

"நாளைக்கு வகுப்பு ஆரம்பம் அக்கா. வந்து உட்காருங்க. மூணு வாரம் கழிச்சும் வேணாம்னா நானே அதுல சாப் முத்திரை அடிச்சுத் தர்றேன்லா."

போய் உட்கார்ந்தாள். பக்கத்தில் அலோர் ஸ்டாரிலிருந்து வந்த ஒரு தாதி. முன்வரிசையில் நரைத்த போலீஸ் சார்ஜன்ட். அவரும் அதே தாளில் தவறியவராம், அதுவும் இரண்டு தடவை. கமலாம்பிகைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. படிவம் கைப்பையிலேயே கிடந்தது.

தொழிற்சாலைக்குத் திரும்பியதும், மலாய்ப் பள்ளியில் படித்த, தமிழும் பேசும் ரோஹானாவிடம் போய் நின்றாள். பொட்டலம் கட்டும் பிரிவில் இருந்தவள் ரோஹானா.

"ஹாபான்னா என்ன?"

"வெப்பம்லா அக்கா. இதுகூடத் தெரியாதா?"

ஐந்து வருஷம் மதியச் சாப்பாட்டு நேரமெல்லாம் இப்படியே போனது.

எண்பத்து நான்கில் பட்டமளிப்பு. இரண்டு அழைப்பிதழ்களில் ஒன்று கணவருக்கு. மற்றதை ரோஹானாவிடம் நீட்டினாள்.

"எனக்கு அங்க யாரைத் தெரியும் அக்கா?"

"என்னைத் தெரியும்ல. வா."

விழா முடிந்ததும் ஹபீப் முகம்மதுவைத் தேடிப் போய் நன்றி சொன்னாள். அவருக்கு அவளை நினைவில்லை.

"நிறையப் பேர் அந்தப் படிவத்தோட வருவாங்க அக்கா. முதல் நாள் நான் யாரோடதையும் வாங்கறதில்லை."

அதைக் கேட்டுக் கமலாம்பிகையின் கண் நிறைந்தது. பிறகு செபராங் ஜெயாவில் ஆசிரியையாகி, பதினாறு வருஷம் மலாயிலேயே இயற்பியல் நடத்தினாள்.