எடைமேடை ரமீஸாக்கா இன்ஸ்டால் செய்த கதை

இந்த மென்பொருள் உங்கள் கம்ப்யூட்டரில் மாற்றங்கள் செய்ய அனுமதிக்கிறீர்களா என்று திரை கேட்டது. ஊரில் எல்லோரும் கேள்வியைப் படிக்காமலே ‘ஆம்’ என்று அழுத்துவார்கள். ரமீஸாக்கா படித்துவிட்டு ‘இல்லை’ என்று அழுத்தினாள்.

“இன்னா மாத்தம்னு மொதல்ல சொல்லட்டும். அப்பால பாக்கலாம்.”

“அது சொல்லாதுக்கா. ஆமான்னாத்தான் உள்ளயே வரும்.”

“இன்னாத்துக்கு வர்றேன்னு சொல்லாதவன ஊட்டுக்குள்ள வுடுவியா நீ?”

கும்மிடிப்பூண்டியில் இரும்பு ஆலைகளுக்குப் போகும் லாரிகள் ஏறி நின்று எடை பார்க்கும் மேடை எங்களுடையது. எங்களுடையது என்றால், முதலாளி அன்புசெல்வனுடையது. மேடையை ஒட்டிய கண்ணாடி அறையில் ரமீஸாக்கா உட்கார்ந்து, இயந்திரம் காட்டும் எடையைப் பார்த்துச் சீட்டு அடிப்பாள். நான் சீட்டைக் கிழித்து டிரைவரிடம் கொடுப்பேன். பதினொன்றாம் வகுப்புக்கும் எனக்கும் ஒத்துவராமல் போனதில் கிடைத்த உத்தியோகம் இது.

அக்காவுக்கு ஊர் பழவேற்காடு. அவளுடைய அத்தா மொய்னுதீன் நண்டு வியாபாரி. நண்டுக் கூடையில் ஈரச் சாக்கை அடியில் போட்டு எடை ஏற்றுபவர்களை மூக்காலேயே கண்டுபிடிப்பாராம். மகளுக்கு மூக்கு மட்டுமல்ல, உடம்பு முழுக்கச் சந்தேகம். பெண் பார்க்க வந்த வீடுகளைப் பற்றி இவளே நேரில் போய் விசாரித்ததில் பல மாப்பிள்ளைகள் தலைமறைவானார்கள். ஷாஹுல் மாமா மட்டும் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னார். அவர் இப்போது பொன்னேரி ஸ்டேஷனில் ஆட்டோ ஓட்டுகிறார். இன்னமும் பதில் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்.

லாரி மேடையில் ஏறினால் அக்கா வெளியே போய்ச் சுற்றி வருவாள். கிளீனர் கேபினில் படுத்திருக்கிறானா, யாராவது ஒரு காலை மேடைமேல் வைத்திருக்கிறார்களா என்று குனிந்து பார்ப்பாள். நான் ஒருமுறை மேடை ஓரத்தில் சும்மா சாய்ந்தேன். உள்ளே இருந்தபடியே, “நந்தினி, நீ நவுந்தாத்தான் சீட்டு” என்றாள்.

இப்படிப்பட்டவள் மேலேயே சந்தேகம் வந்ததுதான் விஷயம்.

எங்களிடம் எடை போட்டுப் போகிற பழைய இரும்பு லாரிகள் ஓர் ஆலையின் வாசலில் மறுபடி எடை போடப்படும். அங்கே எப்போதும் குறைவாகக் காட்டியது. ஆலையின் கொள்முதல் அதிகாரி மோகன்ராஜ் வந்து, அக்காவின் முகத்தைப் பார்க்காமல் முதலாளியிடம் பேசினார்.

“சீட்டு அடிக்கிற எடத்துல கை வெளையாடுது சார். இனிமே மிஷின் காட்டுற எடை நேரா எங்க கம்ப்யூட்டருக்கு வரணும். அதுக்கு ஒரு டூல்கிட் இருக்கு, மெயில்ல அனுப்புறேன். சனிக்கிழமை வந்து பாப்பேன். வரலன்னா எங்க லாரி வேற மேடைக்குப் போவும். இல்ல, நீங்க ஆள மாத்துங்க.”

அவர் போனதும் முதலாளி மெட்ராசிலிருந்து ஒரு சாஃப்ட்வேர் பையனை வரவழைக்கலாம் என்றார்.

“வேணாம்ணா” என்றாள் அக்கா. “அவன் கை படும். அப்பால அதுவும் என் கைன்னுவாங்க. நானே பண்றேன்.”

அந்த டூல்கிட் என்பது, ஒரு கம்ப்யூட்டரில் இருக்கும் தகவலை இணையம் வழியாக இன்னொன்றிடம் ஒப்படைக்கும் நிரல் எழுதுவதற்கான சாமான் பெட்டி. கூடவே ஒரு மாதிரி நிரலும் கொடுத்திருந்தார்கள். வழிகாட்டியின் இங்கிலீஷை நான் எழுத்துக்கூட்டிப் படிக்க, அக்கா அர்த்தம் பண்ணிக்கொள்ள, ஒருவழியாக ‘ஆம்’ அழுத்தினோம். திரையில் ஏதேதோ பெயர்கள் வரிவரியாக ஓடின.

“இன்னாடி இது? நாம கூப்ட்டது ஒருத்தன. கூட இத்தினி பேர் ஏர்றான்?”

“இதெல்லாம் அதுக்குத் தேவையாம்க்கா. தானா எறக்கிக்கும்.”

“லோடு வண்டில தானா ஏர்றவன நான் எறக்கி வுட்ருக்கேன்” என்று அக்கா இணைய ஒயரைப் பிடுங்கிவிட்டாள். டூல்கிட் பாதி வயிற்றோடு நின்றது. அதை அழித்து, முதலிலிருந்து ஏற்றினோம். ஏறி முடிந்ததும் நான் கை வைத்துவிடுவேன் என்று பயந்து, அந்த ஃபோல்டரைத் தூக்கி வேறு எங்கோ ஒளித்து வைத்தாள். அதன்பின் என்ன கட்டளை கொடுத்தாலும், அப்படியொன்று இங்கே இல்லை என்றது கம்ப்யூட்டர்.

“நீதான இன்னாவோ பண்ணிக்கீற?”

“நானா? நீ ஒளிச்சி வச்சது எனக்கே தெரியல, அதுக்கு மட்டும் எப்டித் தெரியும்?”

அக்கா சற்று யோசித்துவிட்டு, என்னைத் திரும்பி நிற்கச் சொல்லி, ஃபோல்டரைப் பழைய இடத்தில் வைத்தாள்.

மாதிரி நிரலில் ‘இங்கே எடை’ என்று வெறும் எண் ஒன்று இருந்தது. அந்த இடத்தில் எடை இயந்திரத்திலிருந்து எண்ணை வாங்கும் வரியைச் சேர்க்க வேண்டும். அதை எழுத எங்களுக்கு இரண்டு நாள் போனது. கடைசியில் ஒரு லாரி மேடையில் ஏறி நின்றபோது எடை தானாகக் கிளம்பிப் போய், ‘ஏற்றுக்கொள்ளப்பட்டது’ என்று பதில் வந்தது. நான் குதித்தேன். முதலாளி சமோசா வாங்கிவர ஆள் அனுப்பினார்.

அக்கா மட்டும் நாற்காலியை விட்டு அசையவில்லை.

“இவ்ளோ சுளுவா ஒருத்தன் ஒத்துக்குவானா? நந்தினி, லாரிய எறக்கு.”

காலி மேடையை அனுப்பினாள். ஏற்றுக்கொள்ளப்பட்டது. பிறகு, ஒரே லாரியில் கப்பலே வந்திருப்பதுபோல் ஒரு எண்ணை எடை வரும் இடத்தில் அடிக்கும்படி என்னிடம் சொன்னாள். இந்த வேலையை எனக்குச் சொல்லவே தேவையில்லை. விரல் வலிக்கும் வரை ஒன்பதாக அடித்தேன். அதுவும் ஏற்றுக்கொள்ளப்பட்டது.

“பாத்தியா. இவன் எதுக்கும் தலையாட்றவன். அந்தப் பக்கம் ஆளே இல்ல.”

முதலாளி கடித்த சமோசாவோடு நின்றார். “அப்போ நாளைக்கு மோகன்ராஜ் வந்தா இன்னாம்மா காட்றது?”

நான் வழிகாட்டியை எடுத்து, பாதியில் விட்ட பக்கத்திலிருந்து ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தேன். மாதிரி நிரலில் உள்ள முகவரி பயிற்சிக்கானது, அது எதை அனுப்பினாலும் சரி என்றே சொல்லும் என்று ஓர் இடத்தில் இருந்தது. ஆலையின் உண்மையான முகவரி மோகன்ராஜின் மெயிலுக்கு அடியில் கிடந்தது.

அக்கா முகவரியை மாற்றி அனுப்பினாள். ‘அனுமதி இல்லை’ என்று சிவப்பாக வந்தது. முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டார். அந்த வாரத்தில் அக்கா சிரித்தது அப்போதுதான்.

“ஆங்! இப்பத்தான் வாசல்ல ஒருத்தன் நிக்கிறான். யாரு நீன்னு கேக்கறான் பாரு. இவன நம்பலாம்.”

சனிக்கிழமை மோகன்ராஜ் வந்தார். பாஸ்வேர்டு கொடுத்தால்தான் உங்கள் வாசல் திறக்கும் சார் என்று அக்கா சொன்னாள். அவர் ஆபீசுக்குப் போன் போட்டு, அவர்கள் சொன்னதை ஒவ்வொரு எழுத்தாக உரக்கத் திருப்பிச் சொல்ல, அக்கா தட்டினாள். வெளியே ஆலைக்குப் போகும் லாரி ஒன்று மேடையில் ஏறியது.

“எல்லாரும் கையப் பின்னால கட்டிக்குங்க” என்றாள் அக்கா. “சார், நீங்களும்.”

மோகன்ராஜ் கைகளைக் கட்டிக்கொண்டார். முதலாளி, அக்கா, நான், எல்லோரும் பிரேயருக்கு நிற்பதுபோல் நின்றோம். ஜன்னலில் எட்டிப்பார்த்த டிரைவர், “ஏமி நைனா, யாராச்சும் செத்துப் பூட்டாங்களா?” என்று கேட்டார். எடை கிளம்பியது. கொஞ்ச நேரத்தில் மோகன்ராஜின் போன் அடித்தது. ஆலையில் வந்து சேர்ந்த எண்ணை அங்கிருந்தவர் வாசித்தார். இயந்திரத்தில் இருந்த அதே எண். பிறகு அக்கா அடித்த சீட்டிலும் அதே எண்.

“இருங்க. எங்க கேட்டுலயும் எடை போடட்டும்” என்றார் மோகன்ராஜ். லாரி ஆலை வாசலுக்குப் போய்ச் சேரும்வரை யாரும் உட்காரவில்லை. மறுபடி போன் வந்தது. எப்போதும்போல் அங்கே குறைந்திருந்தது.

“கை படாமலே குறையுதே” என்றார் முதலாளி மெதுவாக.

“எங்க மேடைக்குப் போன மாசந்தான் சர்க்கார்ல எடை சரிபாத்து முத்திர வச்சிட்டுப் போனாங்க” என்றாள் அக்கா. “உங்க மேடைக்கு அடியில மண்ணு சேந்துக்கீதான்னு பாருங்க சார். மழைக்கப்புறம் மண்ணு முட்டுக் குடுத்துக்கினு நிக்கும், பாரம் முழுசா எறங்காது.”

மோகன்ராஜ் போனிலேயே ஆளை விட்டுப் பார்க்கச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் மறுமுனையில் யாரோ மண்வெட்டி கேட்கும் சத்தம் எங்களுக்கே கேட்டது. மோகன்ராஜ் போனைச் சட்டைப்பையில் போட்டார். முதன்முறையாக அக்காவின் முகத்தைப் பார்த்தார்.

“நீங்களே இருங்கம்மா. லாரியெல்லாம் இங்கயே வரும். நான் அன்னிக்குப் பேசுனது…”

“அது கெடக்கட்டும் சார்” என்று அக்கா நடுவிலேயே நிறுத்தினாள். “மொதல்ல அந்தப் பாஸ்வேர்ட மாத்துங்க. நீங்க கத்திச் சொன்னப்போ இவ காதத் தீட்டிக்கினு நின்னா.”

நான் அவ்வளவு நேரமும் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன்.