பாடப்புத்தகத்தின் நாலு கேள்விகள்

பாரிசுக்குப் படிக்க வந்திருக்கும் நான், தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பல் பகுதியின் தேநீர்க் கடையில் ஓய்வுபெற்ற யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவரிடம் பிரெஞ்சு பேசிப் பழகுகிறேன். பாடப்புத்தகத்தைப் பார்த்துக் கேட்கிறேன்: பெயர் என்ன, எந்த ஊர், பிரான்சுக்கு எப்போது வந்தீர்கள், யாருடன் வசிக்கிறீர்கள். நோட்டும் பேனாவுமாகக் காத்திருக்கிறேன்.

அவர் தமிழுக்கு மாறுகிறார். “பிள்ளை, உம்மை ஆர் அனுப்பினது?”

“யாரும் அனுப்பலை ஐயா. புத்தகத்துல இருக்கிற கேள்விதான்.”

“அகதி விசாரணையிலையும் இதைத்தான் கேட்டவை. இதே வரிசையிலை.”

புத்தகத்தின் அட்டையைத் திருப்பிப் பார்க்கிறார். வாசலைப் பார்க்கிறார். என்னை நம்பவில்லை. பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து, நாலு கேள்விக்கும் தடங்கலில்லாத பிரெஞ்சில், தேதியோடு பதில் சொல்லி முடிக்கிறார்.

“அண்டைக்கு விசாரணையிலை சொன்னதுதான். ஒரு சொல்லும் மாறேல்லை,” என்கிறார். “எழுதும்.”